சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் ஆறு வருஷம்: ஒரு அப்பாவின் விமர்சனம்

அட்மிஷன் சீசன் வந்தால் கடைக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் பல்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார், "உங்க பிள்ளை படிக்கிற ஸ்கூல் எப்படி அண்ணாச்சி?" என்று. படிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே வாசலில் பிள்ளைகள் படம் போட்டு ஃபிளெக்ஸ் கட்டிவிடுகிறார்கள், போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுத நினைத்தது வேறு. பிள்ளையைக் கேட்டுக்குள் விட்ட பிறகு அப்பா அம்மாவுக்கு அங்கே என்ன வேலை, யார் பேச்சு எடுபடும், எது எடுபடாது, அதை மட்டும்.

ஊர் பாளையங்கோட்டை. பள்ளியின் பெயரைப் போடப் போவதில்லை, குறையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், பிள்ளை இன்னும் அங்கேதான் படிக்கிறாள். ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்க சிஸ்டர்கள் நடத்துகிற பெண்கள் பள்ளி, தமிழ் மீடியம் அரசு உதவி பெறும் எய்டட், இங்கிலீஷ் மீடியத்துக்குத் தனியாக ஃபீஸ். இந்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்க்காதீர்கள். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கின ஊர் இது, மிஷனரி ரேனியுஸ் ஐயர் 1820இல் வந்து இறங்கிய காலத்திலிருந்து தெருவுக்குத் தெரு மிஷன் பள்ளிதான். எந்த ஸ்கூல் என்று கேட்டால் சி.எஸ்.ஐ.யா (தென்னிந்தியத் திருச்சபை) ஆர்.சி.யா என்பதுதான் இங்கே அடுத்த கேள்வி. நாங்கள் இரண்டும் இல்லை, கோயில் கொடை கொடுத்து அம்மன் கும்பிடுகிற குடும்பம். மகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள், இப்போது பதினொன்று.

சேர்க்கும்போதே ஒன்று பிடித்திருந்தது. அப்ளிகேஷனோடு தனியாக ஒரு தாள் கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு பீரியட் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்ற பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு, உங்கள் பிள்ளை எதில் உட்கார வேண்டும் என்று டிக் பண்ணிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அரசியல் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் மதபோதனைக்கும் வழிபாட்டுக்கும் யாரையும் கட்டாயப்படுத்தி உட்காரவைக்கக் கூடாது, மைனர் பிள்ளை என்றால் சம்மதம் தர வேண்டியது பெற்றோர். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. பக்கத்தில் நின்ற மேலப்பாளையத்து அம்மா ஒருவர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு நிதானமாக நன்னெறிக்கு டிக் போட்டதைப் பார்த்துத்தான் நானும் போட்டேன். காலை ஜெபத்தில் எல்லோரும் நிற்கிறார்கள், அதில் யாருக்கும் புகார் இருந்து நான் கேட்டதில்லை. என் மகள் பரீட்சைக்குப் போகும்போது பிள்ளையாருக்கு ஒரு தோப்புக்கரணம் போட்டுவிட்டு மாதா சிலை வைத்த கெபி வழியாகவும் சுற்றிக்கொண்டு போகிறாள், அது அவள் கணக்கு.

சரி, இனி குறை. பெற்றோர் ஆசிரியர் கூட்டம் என்று வருஷத்துக்கு நான்கு தடவை கூப்பிடுகிறார்கள். எப்போது? வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரைக்கு. இந்தப் பள்ளியில் பாதி அம்மாமார் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள், அரை நாள் போனால் அரை நாள் கூலி போனது. நான் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு வர வேண்டும். வந்து உட்கார்ந்தால் ஹாலில் ஜெபம், வரவேற்பு, அப்புறம் மைக். இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டி அனுப்புங்கள், பூ வைக்க வேண்டாம், செல்போன் கொடுக்காதீர்கள், லீவு எடுத்தால் டைரியில் எழுதுங்கள். நாற்பது நிமிஷம். இதைச் சொல்லத்தான் வரச்சொன்னார்கள் என்றால் டைரியின் முதல் பக்கத்திலேயே எல்லாம் அச்சடித்திருக்கிறதே. கடைசியில், "யாருக்கும் கேள்வி இருந்தா கேக்கலாம்" என்பார்கள், அதற்குள் நாற்காலி அடுக்க ஆள் வந்து நிற்பார்.

அப்படியும் ஒரு தடவை ஓர் அம்மா எழுந்து கேட்டார். எட்டாம் வகுப்புக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற பாத்ரூமில் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அதனால் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் வீட்டுக்கு வருகின்றன என்று. ஹால் கொஞ்சம் அமைதியானது. "நோட் பண்ணிக்கிட்டோம்மா, இந்த மாதிரி விஷயம்லாம் தனியா ஆபீஸ்ல வந்து சொல்லுங்க" என்று பதில் வந்தது. அது ஜூலை மாதம். அந்தத் தாழ்ப்பாள் என்ன ஆனது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அரசுப் பள்ளியாக இருந்தால் அந்த அம்மாவுக்குக் கேட்கிற இடம் சட்டத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009, அதன் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். இதுபோல சிஸ்டர்கள் நடத்துகிற சிறுபான்மையினர் பள்ளியில் அப்படி இல்லை. 2012 திருத்தத்தில் சிறுபான்மைப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் அந்தக் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்று ஆக்கினார்கள், 2014இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. அவர்கள் பள்ளியை அவர்கள் நடத்திக்கொள்ளும் உரிமை அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவில் இருக்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பிள்ளையைச் சேர்க்க நினைக்கிறவர் இதைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும். இங்கே உங்கள் பேச்சு எடுபடுவது தலைமை ஆசிரியை சிஸ்டர் யார் என்பதைப் பொறுத்தது. அவர்களுக்கும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வந்துவிடும். எனக்கு இந்த ஆறு வருஷத்தில் மூன்று பேரைத் தெரியும். ஒருவர் நிற்கவைத்தே பேசி அனுப்புவார், ஒருவர் உட்காரச் சொல்வார், இப்போது இருப்பவர் எழுந்து நம்மோடு நடந்து வந்து என்ன ஏது என்று பார்க்கிற ஆள்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அட்மின் மட்டும்தான் பேச முடியும். கோலப்போட்டியில் பிள்ளை ஜெயித்த படம் வந்தால்கூட ஒரு தம்ஸ் அப் போடலாம், அவ்வளவுதான். எதிர்த்துப் பேச ஆள் கூடிவிடக் கூடாது என்கிற பயம்போலத் தெரிகிறது, கூடினால் குட்மார்னிங் படமாகப் போட்டு நிரப்புவோம் என்பதும் உண்மை. ஆண்டு விழாவுக்கென்று தலைக்கு முந்நூறு ரூபாய் வாங்கினார்கள், ரசீது கேட்டதற்கு "கிளாஸ் டீச்சர்கிட்ட லிஸ்ட் இருக்கு" என்றார்கள். பிறகு மூன்று பேர் சேர்ந்து போய்க் கேட்டதில் அடுத்த வருஷத்திலிருந்து ரசீது வருகிறது. தனியாகப் போகாதீர்கள், மூன்று பேராகப் போங்கள். இது இலவச ஆலோசனை.

நல்லதில் முதலில் சொல்ல வேண்டியது வீடு சந்திப்பு. ஆறாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் வகுப்பு டீச்சரும் ஒரு சிஸ்டருமாக வீட்டுக்கே வருகிறார்கள். எங்கள் காம்பவுண்டில் ஒரு பிள்ளை ஒன்பதாவதில் பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள். அந்த அம்மா பீடித்தட்டை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தவர் பதறி எழுந்து நாற்காலி தேட, சிஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃபீஸ் பேச்சே எடுக்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார், ஒரு நாளைக்கு எவ்வளவு சுற்றுவீர்கள், பீடிக் கடையில் எத்தனை கழித்துப்போடுகிறான் என்று கேட்டார், அப்புறம்தான் மெதுவாகப் பிள்ளை விஷயம். ராத்திரி அந்தப் பிள்ளையும் சேர்ந்து பீடி சுற்றிவிட்டு விடிகாலையில்தான் படுக்கிறாள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. பள்ளிக்கு வரச்சொல்லி மைக்கில் கேட்டிருந்தால் எந்தக் காலத்தில் சொல்லியிருப்பார்கள்? அந்தப் பிள்ளை இப்போது என் மகள் கிளாஸ்தான்.

இன்னொன்று குடில். கிறிஸ்துமஸுக்கு முன்னால் டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை பள்ளி முற்றத்தில் இயேசு பிறந்த தொழுவம் மாதிரி குடில் கட்டுகிற வேலையை இப்போதிருக்கும் சிஸ்டர் பெற்றோரிடம் விட்டுவிட்டார். முதல் வருஷம் பன்னிரண்டு பேர் வந்தோம். நான் கடையிலிருந்து நாலு செட் சீரியல் லைட்டும் ஒரு டிஸ்ட்ரிபியூஷன் போர்டும் கொண்டு போனேன். இன்னோர் அப்பா தசராவுக்குச் சப்பரம் ஜோடிக்கிற ஆள், பாளையங்கோட்டை தசராவில் 12 அம்மன் சப்பரங்கள் வரிசைகட்டி நிற்குமே, அதில் ஒன்றுக்கு வேலை செய்பவர், மூங்கிலை வளைத்துக் கட்டினார் பாருங்கள், சிஸ்டர்கள் வருஷா வருஷம் கட்டினது எல்லாம் கோழிக்கூடு என்று தோன்றிவிட்டது. வைக்கோல் பிரித்துக்கொண்டே சிஸ்டர் கதை சொன்னார்: 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டு நிறுத்தி இதை ஆரம்பித்துவைத்தாராம். "அப்ப ஜனங்க பாக்கணும்னு செஞ்சதுதானே சிஸ்டர், எங்க சப்பரம் மாதிரி" என்றார் இவர். "அதே அண்ணாச்சி" என்றார் சிஸ்டர்.

குடிலைச் சுற்றிப் புல்தரை வர வேண்டும் என்று சிஸ்டர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே தட்டில் கேழ்வரகு போட்டு உள்ளறையில் வைத்திருந்தார்கள். எடுத்து வந்தால் எல்லாம் வெளிறி மஞ்சளாக நெடுநெடுவென்று சரிந்து கிடக்கிறது. பார்த்ததும் இரண்டு மூன்று அம்மாமார் சிரித்துவிட்டார்கள். "இது முளைப்பாரிக்கு வளக்குறது சிஸ்டர், இருட்டுல வெச்சா இப்படித்தான் வரும், உங்களுக்குப் பச்சைதானே வேணும், வெயில்ல வையுங்க, ரெண்டு நாள்ல மாறிரும்" என்று ஒருவர் தட்டுகளைத் தூக்கி மாடிப்படிக்குக் கொண்டு போனார். தாழ்ப்பாள் கேட்டாரே, அதே அம்மா. போகிற வழியில் அந்தப் பாத்ரூம். மூங்கிலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த, மரவேலை செய்கிற ஓர் அப்பாவைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டினார். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் இரண்டு தாழ்ப்பாளும் திருகாணியும் வாங்கிவந்து அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார். சிஸ்டர் வந்து பார்த்தார், கதவைத் தாழ் போட்டுத் திறந்து பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. பாவம், அவர் ஆகஸ்டில்தான் மாற்றலாகி வந்தவர், ஜூலைக் கூட்டத்தில் அவர் இல்லை. நோட் பண்ணின நோட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. காசை அன்றைக்கே கொடுத்துவிட்டார்.

ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்றால் நான் மூன்றரை போடுவேன். கூட்டத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் சேர்த்து ஒன்றரை கழித்தாயிற்று. கூட்டத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினால் அரை நட்சத்திரத்தைத் திருப்பித் தரத் தயார், ரேங்க் கார்டு கையெழுத்துக்கு மட்டும் சனிக்கிழமை கூப்பிட முடிகிறது, இதற்கு முடியாதா என்ன. சேர்க்கப் போகிறவர்கள் ஆபீஸில் மூன்று விஷயம் கேளுங்கள்: நன்னெறி வகுப்புக்குத் தனித்தாள் உண்டா, பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) பணத்துக்கு ரசீது உண்டா, வீடு சந்திப்பு இந்த வருஷமும் நடக்குமா. ரிசல்ட் கேட்க வேண்டாம், ஃபிளெக்ஸ் இருக்கிறது.

போன டிசம்பரில் குடிலுக்கு நாற்பது பேர் வந்தோம், டீ பத்தவில்லை. இந்தத் தடவை கேழ்வரகுத் தட்டு முழுப்பொறுப்பும் அந்த அம்மாவுடையது. என்னிடம் ஆறு செட் லைட் கேட்டிருக்கிறார்கள், வெள்ளையா மஞ்சளா என்பதில்தான் சப்பரக்காரருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.