டர்போ டீசல் இன்ஜினும் கறும்புகையும்: நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிய வருபவை

சும்மா ஓடும்போது புகையே தெரியாத இன்ஜின், லோடோடு மேடு ஏறும்போது மட்டும் கரியாகத் தள்ளும். காரணம் எளிது. சுமை கூடி ஆர்பிஎம் இறங்கினால் பம்ப் டீசலை ஏற்றிக் கொடுக்கும். காற்று அதே வேகத்தில் கூடாது. ஒரு லிட்டர் டீசல் எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று வேண்டும், அதாவது சுமார் 10,000 லிட்டர். சிலிண்டருக்குள் சரியாகக் கலக்க நேரம் கிடைக்காததால் அதற்கும் மேலேயே தேவைப்படும். குறைந்தால் டீசலின் கார்பன் பாதி எரிந்து கரியாக வெளியேறும்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் ஓரிரு நொடி வரும் புகை, டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) வேகம் பிடிக்கும்வரைதான். மேடு முழுக்க விடாமல் வந்தால் அது கோளாறு. பெரிய கியரில் திணறவிட்டு ஓட்டினாலும் இப்படி வரும். ஒரு கியர் இறக்கிப் பாருங்கள்.

அப்போதும் நிற்கவில்லையென்றால் முதலில் காற்று வரும் வழி. ஏர் ஃபில்டரின் வெளி எலிமெண்டுக்குள் பல்பை விட்டுப் பார்த்தால் அடைப்பும் ஓட்டையும் தெரிந்துவிடும். உள் எலிமெண்டைத் தட்டிச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். அடுத்தது டர்போவிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ். பலர் தவறவிடும் இடம் இது. வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது கிழிசல் மூடியே இருக்கும், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் (பூஸ்ட்) ஏறும்போதுதான் திறக்கும். இன்ஜின் ஆறியபின் ஹோஸை இரு கையாலும் முறுக்குங்கள். அடிப்பக்கம் வாய் பிளக்கும். கிளிப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினாலும் புதுக்காற்றின் இடத்தைப் புகை பிடித்துக்கொள்ளும்.

காற்று சரியென்றால்தான் சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டும். டெஸ்டரில் வைத்துப் பார்க்கும்போது அதன் முனையிலுள்ள நாசில் பனிபோலத் தூவ வேண்டும். சொட்டினால், அந்தச் சொட்டு தாமதமாக எரிந்து கரியாகிறது. திரும்ப மாட்டும்போது குழிக்குள் பழைய செப்பு வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வாஷர் சேர்ந்தால் நாசில் முனை மேலேறிவிடும்; ஸ்ப்ரே பிஸ்டன் குழியில் சரியான இடத்தில் விழாது. புது நாசில் போட்டும் புகை குறையவில்லை என்ற புகார் சில நேரம் இந்த மெல்லிய வாஷரில்தான் முடிகிறது.

பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால் ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்திக் கெட்ட சிலிண்டரைக் கண்டுபிடிக்கலாம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரயிலில் இதைச் செய்யவே கூடாது. 1,000 பாருக்கு மேலான அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

பம்பின் சீலை உடைத்து டீசலின் உச்ச அளவை வைக்கும் ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருகுவது மிகத் தவறான வைத்தியம். குறைத்தால் புகையோடு இழுவையும் போகும், காரணம் அப்படியே இருக்கும். கூட்டினால் கொஞ்சம் இழுவை கிடைக்கும்; கூடவே எக்ஸாஸ்ட் சூடு ஏறி டர்போவையும் பிஸ்டனையும் தின்னும். கரி ஆயிலிலும் இறங்கி அதைக் கெட்டியாக்கும். ஆகவே நெடுநாள் புகைந்த வண்டியில் பழுது பார்த்த கையோடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.