டிம்மர் வாங்கறதுக்கு முன்னாடி சீலிங்குக்கு மேல இருக்கற சோக்க பாத்துடுங்க

எங்க வீடு தண்டையார்பேட்டைல. ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டப்போ அப்பா ஆசைப்பட்டு ஆறு ஹாலோஜன் லைட்டு உள்ள பதிச்சு வெச்சாரு, எல்லாம் 12 வோல்ட், ஒவ்வொண்ணும் 50 வாட். வீட்டு கரண்ட 12 வோல்ட்டா கொறைக்க ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் இருக்கும், அதத்தான் சோக்குன்னு சொல்றேன். அந்த மஞ்ச வெளிச்சம் அம்மாவுக்கு ரொம்ப புடிக்கும், அதனால இன்னும் மாத்தல. போன மாசம் அவங்களுக்கு கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாங்க, ஹால்ல லைட்ட போட்டதுமே கண்ணு கூசுதுடான்னு முந்தானைய எடுத்து மூடிக்கிட்டாங்க, அன்னிக்கே வெளிச்சத்த கூட்டி கொறைக்கற டிம்மர் போடணும்னு முடிவு பண்ணேன்.

மொதல்ல வீட்டு பக்கத்து கடைல டிம்மர் ஒண்ணு குடுங்கன்னேன், எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்காம குடுத்துட்டாங்க. மாட்டி பாதி திருப்பினா மேல இருந்து ங்ங்ங்னு ஒரே சத்தம், அம்மா "வண்டு எதுனா பூந்துடுச்சா பாருடா"ன்றாங்க. கம்மி பண்ணா லைட்டு துடிக்குது. மூணாவது நாள் ரெண்டு லைட்டு எரியவே இல்ல, பல்பு மாத்தியும் எரியல, சோக்கு போயிடுச்சு. கடைல போய் கேட்டா லைட்டு பழசு, மொத்தமா மாத்திடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. உடம்பு முடியாத அம்மாவ வீட்ல வெச்சுக்கிட்டு இதுக்காக அலையறப்போ அந்த பதில் ரொம்ப வலிச்சுது.

அப்புறம் பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு சந்துல சின்ன எலக்ட்ரிக்கல் கடை, வயசான பாய் ஒருத்தர் இருந்தாரு. விஷயத்த சொன்னதும் அவர் கேட்ட மொத கேள்வி, "மேல இருக்கறது இரும்பு சோக்கா, எலக்ட்ரானிக்கா தம்பி?" தெரியல பாய்னேன். "பாத்துட்டு வா, அப்புறம் தரேன்"னு வந்த வியாபாரத்த திருப்பி அனுப்பினாரு. இந்த ரிவ்யூவே அந்த ஒரு கேள்விக்காகத்தான் எழுதறேன்.

வீட்டுக்கு வந்து மெயின ஆஃப் பண்ணி, பல்பு ஆற வெச்சு, ஸ்பிரிங் கிளிப்ப அழுத்தி ஒரு லைட்ட கீழ இறக்கினேன். சோப்பு டப்பா சைஸ்ல வெள்ள பிளாஸ்டிக் பெட்டி, கைல வெயிட்டே இல்ல, மேல 20-60 வாட்னு போட்டிருந்துது. அது எலக்ட்ரானிக். இரும்பு சோக்கா இருந்தா எடைக்கல் மாதிரி கனக்கும். ஆனா பாத்து பயந்தது வேற, அந்த டப்பா பல்போட முதுகு மேலயே கெடந்துது. இந்த மாதிரி பல்புல ரிஃப்ளெக்டர் வெளிச்சத்த முன்னாடி அனுப்பிட்டு சூட்ட பெரும்பாலும் பின்னாடி தள்ளிவிடும், கீழ நின்னா நமக்கு தெரியவே தெரியாது. அந்த சூட்டுல ஒயர் உறை பிஸ்கட் மாதிரி கைலயே நொறுங்குச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணன வர வெச்சு அத்தன ஒயரும் மாத்தி, ரெண்டு சோக்கு புதுசா போட்டு, எல்லா சோக்கையும் பல்ப விட்டு தள்ளி வெச்சோம்.

திரும்ப கடைக்கு போனப்போ பாய் வெளக்கினது எனக்கு நல்லா புரிஞ்சுது. சாதா டிம்மர் கரண்டோட ஒவ்வொரு அலையிலயும் முன்பக்கத்த வெட்டும், செகண்டுக்கு 100 தடவ வோல்டேஜ் திடீர்னு எகிறி வந்து எலக்ட்ரானிக் சோக்க அடிக்கும், சத்தமும் துடிப்பும் அதனாலதான். இதுக்கு ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மர் வேணும், அது அலையோட பின்பக்கத்த வெட்டும், ஆரம்பம் மெதுவா ஏறும். இரும்பு சோக்குக்கு நேர் எதிர், முன்பக்கம் வெட்டற டிம்மர்தான் சரி, ஆனா அதுவும் டிரான்ஸ்பார்மர் லோடுக்குன்னு போட்டதா இருக்கணும். டிம்மர் மேல L-னு எழுத்து இருந்தா இரும்பு சோக்குக்கு, C-ன்னு இருந்தா எலக்ட்ரானிக்குக்கு, R-னு மட்டும் இருந்தா சாதா பல்புக்குத்தான். ஃபேன் ரெகுலேட்டர் பாக்க இதே மாதிரி இருக்குன்னு சில பேர் அதையே மாட்டிடறாங்க, தயவு செஞ்சு வேணாம்.

இப்போ போட்டிருக்கறது 400 வாட் ட்ரெய்லிங் எட்ஜ், நம்ம லோடு 300. சத்தம் சுத்தமா இல்ல, ராத்திரி ஃபேன நிறுத்திட்டு காது குடுத்து கேட்டேன். வெளிச்சம் எறங்க எறங்க வெளக்கு வெளிச்சம் மாதிரி மஞ்சளாகுது, அம்மா முந்தானைய எடுத்துட்டு என்ன பாத்து சிரிச்சாங்க, அது போதும் எனக்கு. கொறைன்னு பாத்தா விலை, மொத டிம்மர மாதிரி மூணு மடங்கு. அப்புறம் அடி வரைக்கும் எறங்காது, ஒரு அளவுக்கு கீழ பட்டுனு அணஞ்சுடும். தொட்டா லேசா சூடு இருக்கும், அது சகஜம்தானாம். வெளிச்சம் பாதியானா கரண்ட் செலவும் பாதியாகும்னு நெனைக்காதீங்க, அவ்ளோ மிச்சம் வராது.

எப்பவும் கம்மியாவே எரிச்சா உள்ள இருக்கற ஹாலோஜன் வாயு வேல செய்யற அளவுக்கு பல்பு சூடாகாது, கண்ணாடி கருக்கும். அதனால அப்பப்போ கொஞ்ச நேரம் ஃபுல்லா எரிய விடறேன், அம்மா பெட்ரூம்ல இருக்கறப்போ. பல்பு மாத்தறப்போ உள்ள இருக்கற சின்ன கண்ணாடிய வெறும் கையால தொடாதீங்க, வெரல் எண்ணெ பட்ட எடம் சூடேறி சீக்கிரம் போயிடும். ஒரு எடத்துல 5 வாட் எல்இடி போட்டு பாத்தேன், சோக்குக்கு கொறஞ்சது 20 வாட் லோடு வேணும், கண்ண சிமிட்டிக்கிட்டே இருந்துது, கழட்டிட்டேன்.

கடல் காத்துக்கு ஹோல்டர் முள்ளெல்லாம் பச்ச பூத்து கெடக்கு, அது லூஸானாலும் துடிக்கும்னு அண்ணன் சொன்னாரு. ஆறு ஹோல்டரும் பாய் கடைலயே சொல்லி வெச்சிருக்கேன், ஞாயித்துக்கிழம வந்து மாட்டறேன்னு அண்ணன் சொல்லியிருக்காரு.