எம்ஜிபிக்கு ஓர் ஆக்ஸிலரேட்டர் கேபிள்: வாங்கலாம், கூட வரும் தாளை மட்டும் தூரப் போடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிள் அருமை. அதோடு பாக்கெட்டில் வந்த ஒற்றைத் தாள் எதற்கும் உதவாது. வலப்பக்க ஸ்டீயரிங் வண்டி வைத்திருப்பவர்கள் அதில் போட்டிருக்கிறபடி மாட்டினால், நல்ல கேபிளும் சீக்கிரமே வீணாகும்.

என்னுடையது 1970 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது எம்ஜி கம்பெனியின் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, எஸ்யூ கம்பெனியின் இரட்டைக் கார்புரேட்டர். இருப்பது கவென்ட்ரி பக்கம். அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் இந்த மாடலைச் செய்திருக்கிறார்கள். அதனால் இங்கிலாந்தில் இதற்கு உதிரிபாகம் கிடைக்காமல் போகாது. கிடைப்பதில் எது உருப்படி என்று பார்த்து வாங்குவதில்தான் தலைவலி. விற்ற கடையின் பெயரை இங்கே போடவில்லை. இதே பாக்கெட்டை நாலைந்து பேர் விற்கிறார்கள்.

பழைய கேபிளில் பெடல் சொரசொரத்தது. காலை எடுத்த பிறகும் எஞ்சின் கொஞ்ச நேரம் ரேஸ் ஆகிக்கொண்டே இருந்து, அப்புறம்தான் ஐட்லிங்குக்கு இறங்கியது. கழற்றிப் பார்த்தால் கார்புரேட்டர் முனையில் இன்னர் (உள்ளே ஓடும் கம்பி) இழைகள் சில அறுந்து, அவுட்டரின் (மேலே மூடும் உறையின்) வாயில் உரசிக்கொண்டிருந்தன.

புதியதைக் கையில் எடுத்ததுமே தரம் தெரிகிறது. அவுட்டர் கனமாக இருக்கிறது, வளைத்துவிட்டால் தானாக நிமிர்கிறது. உள்ளே நைலான் குழாய். கம்பியின் நுனியில் இருக்கும் நிப்பிள் என்கிற குமிழைப் பிசிறில்லாமல் பிடித்திருக்கிறார்கள். தொங்கவிட்டு இன்னரை இழுத்தால் எங்கேயும் தடங்கல் இல்லை. இதற்குள் எண்ணெய் விட வேண்டாம். ஊரில் பைக் கேபிளுக்கு எண்ணெய் ஊற்றியே பழகிய கை சும்மா இருக்காதுதான். ஆனால் நைலான் போட்ட கேபிளில் எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும்.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். இந்த எஞ்சினில் கார்புரேட்டர், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டுமே இடப்பக்கம். அமெரிக்காவுக்குப் போன இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் பெடலும் அதே பக்கம் என்பதால் கேபிளுக்கு அதிக தூரம் கிடையாது. நம் வண்டியில் பெடல் வலப்பக்கம். கேபிள் எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வாலைத் தாண்டி வெளியே வந்து, எஞ்சினின் பின்பக்கமாகக் குறுக்கே போய்த்தான் கார்புரேட்டரைத் தொட வேண்டும். தாளில் இருப்பதோ இடப்பக்க வண்டியின் படம். கீழே, கேபிளைக் கூடிய மட்டும் குறுகிய வழியில் கொண்டுபோகச் சொல்லி ஒரு வரி. ஃபோன் செய்து கேட்டேன். இரண்டு வண்டிக்கும் ஒரே தாள்தான் போடுகிறோம் என்றார்கள், ஏதோ சலுகை தருகிற குரலில்.

குறுகிய வழி ஏன் ஆகாது? எஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், கியர் மாற்றினால், அது பக்கவாட்டில் ஆடும். அவுட்டர் விறைப்பாக இருந்தால் அந்த ஆட்டமே கேபிளை இழுக்கும். நீங்கள் மிதிக்காமலே ஆர்பிஎம் ஏறி இறங்கும். சுருக்கமான வளைவு இருந்தால் இன்னர் அந்த ஓர் இடத்திலேயே தேய்ந்து நைலானை அறுக்கும். மேனிஃபோல்டு பக்கம் சாய்ந்தாலோ நைலான் இளகி இன்னரைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் திறந்தபடியே நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் மாட்டியது இப்படி. பெடல் பக்கம் நிப்பிளைக் கோத்துவிட்டு, எந்தக் கிளிப்பும் போடாமல் அவுட்டரை அதன் போக்கில் விட்டேன். ஹீட்டர் பெட்டிக்கு முன்னால் அகலமான ஒரே வளைவாகக் கடந்து, கார்புரேட்டருக்கு மேலிருந்து இறங்குகிறது. கடைசித் துண்டு, லீவர் இழுபடும் திசைக்கு நேராக நிற்க வேண்டும். கோணலாக வந்தால் அவுட்டரின் வாயில் உரசல் தொடங்கிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் ஆட்டிப் பார்த்தேன், லீவர் அசையவில்லை. பிறகுதான் பாடியில் ஒரே ஒரு கிளிப், அதுவும் தளர்வாக. பெட்ரோல் ஹோஸோடு சேர்த்துக் கட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

லீவரில் இன்னரைப் பிடிக்கும் அந்தச் சின்ன பின்னைக் கவனியுங்கள். அதன் ஓட்டை வழியாக இன்னரை விட்டு நட்டை முறுக்கும்போது பின்னும் சேர்ந்து திரும்பும், இன்னர் முறுக்கிக்கொள்ளும். இரண்டு ஸ்பானர் வைத்து, ஒன்றால் பின்னைப் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள். முடித்த பிறகு அந்தப் பின், லீவருக்குள் தாராளமாகச் சுழல வேண்டும். இறுகிப் போனால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னர் அதே புள்ளியில் மடங்கும். என் பழைய கேபிளில் இழை அறுந்தது சரியாக அங்கேதான்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி, மகளை சீட்டில் உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன்.

“இன்னும் அழுத்தணுமாப்பா?”

“முட்டுற வரைக்கும் அழுத்தும்மா.”

எஸ்யூ கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கிப் பார்த்தால், பட்டர்ஃபிளை என்கிற த்ராட்டில் தகடு முழுசாகத் திறப்பது தெரியும். லீவர் அதன் எல்லையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பெடல் கீழே முட்டி நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் காலின் பலம் முழுக்கக் கேபிளின் தலையில் விழும். காலை எடுத்த நிலையில் இன்னரில் துளி தளர்வு இருக்கட்டும்.

உங்கள் பழைய கேபிள் உருகிக் கருகியிருந்தால், புதியதை ஆர்டர் செய்வதற்கு முன் எர்த் பட்டையைப் பாருங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் அந்தப் பட்டை துருவேறியோ அறுந்தோ இருந்தால், ஸ்டார்ட்டருக்குப் போகும் கரன்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகப் பாயும். பழுக்கக் காய்ந்துவிடும். அப்படியே புதியதைப் போட்டால் அதுவும் போகும், கடைக்காரருக்குத்தான் லாபம். 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் ஏதும் செய்யாத வண்டிகளுக்கு 2018 மே முதல் இங்கே எம்ஓடி என்கிற வருடாந்தர வண்டிச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே இதையெல்லாம் வேறு யாரும் பானட்டைத் திறந்து பார்த்துச் சொல்லப்போவதில்லை.

ஐந்துக்கு நாலு மதிப்பெண் தருவேன். தாளை வைக்காமலே விற்றிருந்தால் நாலரை. ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் போட்ட பிற்கால அமெரிக்க வண்டிகளுக்கு இது இல்லை. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஆர்டர் போடும்போதே கார்புரேட்டரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.