காதில் வைத்தும் அணையாத திரை: பழைய எஸ்23-ஐயும் புதிய மிட்ரேஞ்ச் போனையும் சேர்த்துப் பயன்படுத்திய அனுபவம்

போன வாரம் என் சாம்சங் கேலக்ஸி எஸ்23 போனுக்கு பேட்டரி மாற்றினேன். அதைக் கேள்விப்பட்டதும் அக்கா பையனிடமிருந்து மெசேஜ்: "மாமா, இதே எஸ்23 இப்ப பாதி விலைக்கு வருது. அதே காசுக்குப் புது மிட்ரேஞ்ச் போனும் இருக்கு. எதை வாங்கட்டும்?" கம்பெனியின் உயர்விலை மாடலான (ஃப்ளாக்ஷிப்) பழைய போன், நடுத்தர விலையிலான (மிட்ரேஞ்ச்) புதிய போன் என இரண்டு வகையும் என்னிடம் இருக்கின்றன, இரண்டையும் தினமும் பயன்படுத்துகிறேன். நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயமாக இது தெரியவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். பிராசஸர் பெயர், ரெஃப்ரெஷ் ரேட், கேமரா மெகாபிக்ஸல் எல்லாம் அவனுக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

என் வேலை திருப்பூரில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆடை ஆர்டர் ஒவ்வொரு கட்டமாக நகர்கிறதா என்று பின்தொடர்கிற வேலை. நிட்டிங் எந்த அளவில் நிற்கிறது, சாயமேற்றும் டையிங்கிலிருந்து துணி கிளம்பிவிட்டதா, துணியை அழுத்தி அளவு நிறுத்தும் காம்பாக்டிங்கில் அகலம் சரியாக வந்திருக்கிறதா, பிரிண்டிங்காரர் இன்றைக்குத் தருவாரா நாளைக்கா என்று காலையிலிருந்து இரவு வரை போனில் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் பிழைப்பு. எனக்குப் போன் என்றால் முதலில் பேசுகிற சாதனம். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

எஸ்23 இந்தியாவுக்கு 2023 பிப்ரவரியில் வந்தது. தொடக்க விலை 74,999 ரூபாய். பேட்டரி 3,900 எம்ஏஹெச்தான், புதிதாக இருந்தபோதே தாராளம் என்று சொல்ல முடியாது. லித்தியம் அயான் பேட்டரிக்கு வெயில் ஆகாது. பகல் முழுக்க மொபைல் டேட்டாவும் அழைப்புமாக, அதுவும் நம் ஊர்ச் சூட்டில் ஓடினால் இரண்டு மூன்று வருடத்தில் தேய்வது அதன் இயல்பு. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சார்ஜரைத் தேடும் நிலை வந்தபோது, கைகொடுக்க ஒரு புதிய மிட்ரேஞ்ச் போன் வாங்கினேன். அதன் கம்பெனி பெயரை இங்கே சொல்லவில்லை. நான் சொல்லப்போகிற குறை ஒரு கம்பெனியோடு நிற்கிற குறை இல்லை, பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

புதிய போனுக்குச் சேர வேண்டிய நல்ல பெயரை முதலில் கொடுத்துவிடுகிறேன். பேட்டரி அருமை. இரவு வீட்டுக்கு வரும்போதும் பாதிக்குக் குறையாமல் இருக்கிறது. பெட்டியிலேயே சார்ஜர் கொடுத்தார்கள், குளித்துவிட்டு வருவதற்குள் ஏறிவிடுகிறது. எஸ்23-இல் 25 வாட்டுக்கு மேல் ஏறாது, சார்ஜரும் தனியாக வாங்க வேண்டியிருந்தது. புதியதில் திரை பெரிது, எக்ஸெல் ஷீட்டைக் கண்ணைச் சுருக்காமல் படிக்கலாம். மொட்டை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் திரை தெளிவாகத் தெரிகிறது. வாரண்டி இருக்கிறது. வேகத்திலும் பெரிய குறை இல்லை. ஜிபே, வாட்ஸ்அப், மெயில், மேப்ஸ் எல்லாம் சறுக்காமல் ஓடுகின்றன. கடையில் பத்து நிமிடம் கையில் வைத்துப் பார்க்கிறவர் யாரும் இதைத்தான் வாங்குவார்.

அப்புறம் ஒரு அழைப்பு வரும். எடுத்துக் காதில் வைப்பீர்கள். திரை அணையாது.

அல்லது அணையும், பேச்சின் நடுவில் திரும்பவும் எரியும். எரிகிற திரையில் கன்னம் படும். கன்னத்துக்கு நேராக இருப்பவை மியூட், ஸ்பீக்கர், ஹோல்ட் பொத்தான்கள். டையிங் சூப்பர்வைசரிடம் ஷேடு பற்றி விளக்கிக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் "ஹலோ... ஹலோ... சார் லைன்ல இருக்கீங்களா?" என்பார். பார்த்தால் மியூட் ஆகியிருக்கும். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். இது கூடப் பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஒரு முறை ஒரு பிரிண்டிங் யூனிட்டில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு யூனிட்காரரிடம் ரேட் பேசிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் தானாக ஆன் ஆகிவிட்டது. அவர் சொன்ன ரேட்டை எதிரில் இருந்தவர் முழுதாகக் கேட்டார். எங்கள் தொழிலில் இதன் விலை என்னவென்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜிலும் இதே கதை. சாதாரணமாகப் போனைக் காதருகே கொண்டுபோனால் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து இயர்பீஸுக்கு மாறிவிடும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. இந்தப் போனில் சில நேரம் மாறும், சில நேரம் மாறாது. என் மனைவி வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லி அனுப்பிய வாய்ஸ், செக்கிங் டேபிளில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அவள் என்னிடம் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது, ஆனால் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

காரணம் சின்னதுதான். வழக்கமான போன்களில் இயர்பீஸ் பக்கத்தில் ப்ராக்ஸிமிட்டி சென்சார் என்று ஒன்று இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது அனுப்பும். கன்னம் அருகில் வந்தால் ஒளி திரும்பி வரும், திரையை அணைத்துவிடும். தொடுதிரைப் போன்களில் பல வருடங்களாக உள்ள எளிய ஏற்பாடு. இப்போது பல மிட்ரேஞ்ச் போன்களில் அந்தச் சென்சாரே இல்லை. அதற்குப் பதிலாக மென்பொருளை வைத்து ஊகிக்கிறார்கள். ஒரு வகையில், இயர்பீஸ் வழியாக நம் காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, அது திரும்பி வருவதை மைக்கில் வாங்கிப் பார்ப்பார்கள். இன்னொரு வகையில், போன் மேலே தூக்கப்பட்ட விதத்தையும் திரையில் படும் தொடுகையையும் சேர்த்துப் பார்த்து, காதில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். இதற்கு விர்ச்சுவல் ப்ராக்ஸிமிட்டி என்று பெயர்.

மீயொலி முறை 2016-இல் ஷாவ்மியின் மி மிக்ஸில் வந்தது, எலிப்டிக் லேப்ஸ் என்ற நார்வே நிறுவனத்தின் தொழில்நுட்பம். அந்தப் போனில் திரை மேல் விளிம்பு வரை போய்விட்டதால் சென்சாருக்கு இடமே இல்லை. ஒரு புதுமைக்காகச் செய்த ஏற்பாடு என்று அதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் இன்றைக்கு முப்பதாயிரம், முப்பத்தைந்தாயிரம் ரூபாய் போனில், மேலே இடம் இருந்தும் அந்தச் சென்சாரை எடுத்துவிடுவதைப் பார்த்தால், செலவு மிச்சம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. வாங்குகிறவர் யாரும் இதைக் கேட்க மாட்டார் என்ற தைரியம். விளம்பரத்திலும் வராது. சாம்சங் ஏ54-இன் விவரப் பட்டியலில் விர்ச்சுவல் என்றே வெளிப்படையாகப் போட்டிருக்கிறது. என்னிடம் இருப்பது அந்தப் போன் இல்லை, என் போனின் பெட்டியில் அப்படி ஒரு வரியே கிடையாது. வாங்கும் முன் இந்த ஒரு வரியைத் தேடிப் படிக்கச் சொல்வேன்.

அசைவை வைத்து ஊகிக்கும் முறையில் ஒரு அடிப்படைக் கோளாறு உண்டு. நின்றபடி போனை எடுத்துக் காதுக்குக் கொண்டுபோனால் ஓரளவு புரிந்துகொள்ளும். படுத்துக்கொண்டு பேசினால், தோளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் துணியைப் பிரித்தால், ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினால் தடுமாறிவிடும். எங்கள் வேலையில் தோளில் இடுக்காமல் எப்படிப் பேசுவது? நிட்டிங் மெஷின் ஓடுகிற ஷெட்டுக்குள் இன்னும் மோசம் என்பது என் அனுபவம்.

சரிசெய்ய முயலாமல் இதைச் சொல்லவில்லை. திரை மேல் ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. சர்வீஸ் சென்டரில் மென்பொருளைப் புதுப்பித்துத் தந்தார்கள், சில நாள் பரவாயில்லை என்று தோன்றியது, பிறகு பழையபடி. இரண்டாம் முறை போனபோது ரீசெட் பண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். இல்லாத சென்சார் ரீசெட்டில் எப்படி முளைக்கும்? இப்போது நான் செய்வது, அழைப்பை எடுத்தவுடன் பவர் பட்டனை அழுத்தித் திரையை அணைத்துவிட்டுக் காதில் வைப்பது. பவர் பட்டன் அழைப்பைத் துண்டிக்கும் என்ற செட்டிங்கை முதலில் நிறுத்தி வைக்க வேண்டும். அவசரத்தில் மறந்துபோகும். நெக்பேண்ட் இயர்போன் போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். சரி, அதையும் ஒரு தீர்வாக எடுத்துக்கொள்வோம். ஆனால் இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய போனைக் காதில் வைத்துப் பேச இன்னொரு சாதனம் எதற்கு?

இப்போது எஸ்23. அதில் ப்ராக்ஸிமிட்டி சென்சார் நிஜமாகவே இருக்கிறது. படுத்தாலும், தோளில் இடுக்கினாலும், வேர்த்த கன்னத்தோடு பேசினாலும் திரை அணைந்தே இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. இன்னொரு போன் வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வசதி என்று தெரிந்தது.

எடை 168 கிராம். சட்டைப் பையில் போட்டால் பை தொங்காது, ஒரு கையால் எல்லா மூலைக்கும் விரல் எட்டும். மூன்று மடங்கு ஆப்டிகல் ஜூம் இருப்பதால், தையலில் ஸ்கிப் ஸ்டிச் (நடுவே தவறிய தையல்) விழுந்திருந்தால் சற்றுத் தள்ளி நின்று, போனின் நிழல் துணியில் விழாமல் தெளிவாக எடுத்து அனுப்பலாம். புதிய போனில் இதற்கென்று 2 மெகாபிக்ஸல் மேக்ரோ ஒன்று இருக்கிறது. அதில் எடுத்த படத்தை ஆர்டர் தருகிற எந்தப் பையரிடமும் காட்ட முடியாது. யூஎஸ்பி போர்ட்டும் வேகமானது, வீடியோக்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது வித்தியாசம் தெரியும்.

பேட்டரி மாற்றியதைப் பற்றி: அதிகாரப்பூர்வ சர்வீஸிலேயே மாற்றினேன், சில ஆயிரம் ஆனது. வெளிக்கடையில் குறைவாகத்தான் கேட்டார்கள். ஆனால் பின்பக்கக் கண்ணாடியைத் திறந்தால் தண்ணீர் புகாமல் காக்கும் பசையைப் புதிதாக ஒட்ட வேண்டும், அதைச் சரியாகச் செய்யாவிட்டால் ஐபி68 என்பது வெறும் எழுத்துதான். மாற்றிய பிறகும் இரவு வரை தாங்காது, மாலையில் ஒரு முறை சார்ஜ் போடுகிறேன். மதியம் என்பது மாலைக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது: 800 முறை சார்ஜ் செய்த பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும், உதிரி பாகங்கள் ஆண்டுக்கணக்கில் கிடைக்க வேண்டும். நல்ல விஷயம். போனில் பேசும்போது திரை அணைய வேண்டும் என்றும் யாராவது விதி போட்டால் கைகூப்புவேன்.

பழைய ஃப்ளாக்ஷிப் வாங்குகிறவன் தெரிந்துகொள்ள வேண்டியது சில. எஸ்23-க்கு நான்கு ஆண்ட்ராய்டு மேம்பாடுகளும் ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் என்று சொன்னார்கள். அந்தக் கணக்குப்படி 2028 தொடக்கம் வரை. நீ இன்று வாங்கினாலும் கடிகாரம் 2023-லிருந்தே ஓடுகிறது. 128 ஜிபி வேண்டாம், 256 ஜிபி வாங்கு. அதில்தான் வேகமான யூஎஃப்எஸ் 4.0 ஸ்டோரேஜ் இருக்கிறது. பெட்டி பிரிக்காத பீஸ் கிடைத்தால் அதுவே நல்லது, அதிலும் தயாரித்த மாதத்தைப் பார். செகண்ட் ஹேண்ட் என்றால் *#06# அடித்து போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை எடுத்து, அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார். விற்பவர் பைக் ஹேண்டிலில் போனை மாட்டி ஓட்டினாரா என்று கேள். கேமராவில் அசைவைச் சமன் செய்யும் லென்ஸ் அமைப்பு பைக் இன்ஜின் அதிர்வில் கெடலாம் என்று 2021-இல் ஆப்பிளே ஐபோன்களுக்கு எச்சரித்திருக்கிறது. அந்த அமைப்பு எஸ்23-லும் உண்டு. வெள்ளைத் திரையைத் திறந்து, திரை பழுதானால் வரும் பச்சைக் கோடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடு, அமோலெட் திரையை மாற்ற ஆகும் செலவில் இன்னொரு சுமாரான போனே வாங்கலாம்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் புதிய போன்தான் முன்னால் நிற்கிறது. பேட்டரி அதற்கு, சார்ஜிங் அதற்கு, திரை அதற்கு, வாரண்டி அதற்கு, அப்டேட்டும் அநேகமாக அதற்குத்தான். இதைப் படித்துவிட்டு "அப்ப மிட்ரேஞ்ச்தானே மாமா?" என்று கேட்பாய். இல்லை. எஸ்23 வாங்கு. உங்கள் வயதில் யாரும் போனில் பேசுவதில்லை, எல்லாம் டைப் அடிப்பதுதான் என்று நினைக்கலாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகட்டும், எத்தனை அழைப்பு வருகிறது என்று அப்போது தெரியும். அம்மாவும் உன்னிடம் டைப் அடித்துப் பேசப்போவதில்லை.

புதிய போனை நான் விற்கவில்லை. டேட்டா சிம்மைப் போட்டு ஹாட்ஸ்பாட்டுக்கும் எக்ஸெலுக்கும் வைத்திருக்கிறேன், அந்த வேலையைக் குறையில்லாமல் செய்கிறது. எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட மனம் வரவில்லை, வாங்குகிறவரும் காதில் வைத்துத்தானே பேசுவார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, கடைக்குச் சேர்ந்தே போகலாம். உனக்கு மிட்ரேஞ்ச்தான் பிடிக்கிறது என்றால், கடைக்காரரின் டெமோ பீஸில் உன் சிம்மைப் போட்டு, தோளில் இடுக்கிக்கொண்டு அம்மாவிடம் ஐந்து நிமிடம் பேசு. திரை அணைந்தே இருந்தால் அதையே வாங்கிக்கொள், நான் தடுக்கவில்லை. எஸ்23 வாங்கினால், அதன் பேட்டரி தேயும்போது மாற்றுகிற செலவு என்னுடையது.