கரும்பு ஸ்பிரிட்டா, கேஸா? ஒரு குட்டி நீராவி இன்ஜினோடு ஒன்பது வருடம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் வெருலம் என்ற ஊரில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு மாமரம். அதைச் சுற்றி 19 மீட்டர் தண்டவாளம். அதில் 2016-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினைப் பற்றியும், அதற்கு நான் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த எரிபொருளைப் பற்றியும் எழுதுகிறேன். வாங்கிய மாதமே எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகப் போயிருக்கும்.

நான்கு சக்கரம், இரண்டு சிலிண்டர், வெள்ளிப் பற்று வைத்த செம்புப் பாய்லர். ஒரு தடவைக்கு 120 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர். சேஃப்டி வால்வு சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் திறக்கும். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பழையதாக வாங்கியது. தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர். எங்கள் மாகாணமான நேட்டாலில் ஒரு காலத்தில் கரும்பு ஏற்றிப் போன குட்டி ரயில்கள் இரண்டு அடி அகலப் பாதையில் ஓடின. அதைப் பத்தொன்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் கிட்டத்தட்ட அச்சாக 32 வரும். தென்னாப்பிரிக்காவின் பெரிய பாதை 1067 மில்லிமீட்டர். அதை மாடல் செய்கிறவர்கள் கடையில் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் 87-ல் ஒரு பங்கு அளவு வண்டியை ஏற்றுவார்கள். தண்டவாளம் வண்டிக்குப் பொருந்தாமல் அகலமாகத் தெரியும். அதே தண்டவாளத்துக்கு 64-ல் ஒரு பங்கு அளவுதான் சரி. ஆனால் அந்த அளவில் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். எண்ணெயும் கரியும் கலந்த அவருடைய சட்டை வாசனையில் வளர்ந்தவன் நான். அதனால் மின்சார மாடல் ரயில் மேல் எனக்கு மனம் போகவே இல்லை.

முதல் மூன்று வருடம் ஸ்பிரிட்தான், அதாவது எரிக்கிற ஆல்கஹால். இங்கே மளிகைக் கடையிலேயே நீல ஊதா நிறத்தில் பாட்டிலில் கிடைக்கும். 30 மில்லி ஊற்றிப் பற்றவைத்தால் ஏழு நிமிடத்தில் நீராவி ஏறும், பதினெட்டு நிமிடம் ஓடும். சத்தமே இருக்காது. நீராவி தள்ளுகிற 'சஃப் சஃப்' தனியாகக் காதில் விழும். திரியைத்தான் நான் நெடுநாள் புரிந்துகொள்ளவில்லை. பஞ்சுத் திரியைக் குழாயில் இறுக்கித் திணித்தால் நிறைய எரியும் என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. இறுக்கினால் ஸ்பிரிட் மேலே ஏறாது, திரிதான் கருகும். செராமிக் நார்த் திரியை வாங்கி, விரலால் தள்ளினால் அசைகிற அளவுக்குத் தளர்வாக வைத்த பிறகு இன்ஜினே வேறாகிவிட்டது. அந்தத் திரி இரண்டு வருடம் தாங்குகிறது. பாட்டிலிலும் தரம் ஒன்றாக இருப்பதில்லை. எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி ஊற்றி எரித்துப் பாருங்கள். எரிந்து முடிந்து தட்டில் தண்ணீர் தேங்கினால் அந்தப் பாட்டில் இன்ஜினுக்கு ஆகாது.

ஸ்பிரிட்டுக்கு எதிரி காற்று. டர்பனில் வடகிழக்குக் காற்று எழுந்துவிட்டால் பாய்லருக்கு அடியில் சுடர் ஒரு பக்கமாகப் படுத்துவிடும், அழுத்தம் ஏறாது. பித்தளைத் தகட்டில் இரண்டு பக்கமும் பாவாடை மாதிரி மறைப்பு வைத்தேன். மறைப்பை அதிகமாக இறக்கியதும் சுடருக்குக் காற்று போதாமல் கண் எரிய ஆரம்பித்தது. சரியாக எரியாத ஸ்பிரிட்டின் புகை அது. தண்டவாளத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்ட பிறகுதான் காற்று, புகை இரண்டையும் சமாளிக்க முடிந்தது.

பிறகு அந்த மாடல் ரயில் கண்காட்சி. ஒரு பள்ளிக்கூட மண்டபம், நல்ல கூட்டம். அவசரத்தில் பர்னரில் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன். இன்ஜின் நகர நகர அடியில் சொட்டியிருக்கிறது. ஸ்பிரிட்டின் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. எட்டு வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை என் சட்டையை இழுத்து, "அங்கிள், புல்லு சுருங்குது" என்றாள், ஆங்கிலத்தில்தான். குனிந்து பார்த்தேன். தண்டவாளத்தின் ஓரம் ஒட்டியிருந்த செயற்கைப் புல் ஒவ்வொரு இழையாகச் சுருண்டு பொட்டுப் பொட்டாக உருகிக்கொண்டிருந்தது. நெருப்பு தெரியவில்லை, புகைகூட இல்லை. கையை அருகில் கொண்டுபோனபோதுதான் சூடு அறைந்தது. ஸ்பிரிட் தண்ணீரில் கரையும் என்பதால் தெளிப்பான் தண்ணீரிலேயே அடங்கிவிட்டது. தண்டவாளத்தைத் தாங்கும் நான்கு மரக்கட்டைகளும் ஒரு சாண் புல்லும் போயின. அந்தக் குழந்தையின் கை மேசை விளிம்பில்தான் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

அதனால் 2019-ல் அதே இன்ஜினுக்குப் பியூட்டேன் கேஸில் எரியும் பர்னர் போட்டேன். செராமிக் தகடு, 40 மில்லி டேங்க். ஐந்து நிமிடத்தில் நீராவி, இருபத்திரண்டு நிமிட ஓட்டம், திருகினால் தீ கூடும், குறையும். மண்டபத்துக்குள் காட்ட இதைவிட வசதி எதுவும் இல்லை. ஆனால் கேஸுக்கும் தனிக் குணம் உண்டு. எடுக்க எடுக்க டேங்க் குளிர்ந்துபோகும், அழுத்தம் இறங்கும். இங்கிலாந்துக்காரர்கள் இதற்காக டேங்கை வெந்நீரில் உட்காரவைப்பார்கள், குளிரிலும் அழுத்தம் தரும் புரோப்பேன் கலந்த கேஸும் போடுவார்கள். நம் ஊர் வெயிலில் அது தேவையே இல்லை. ஒரு கடையில் பியூட்டேன் என்று கேட்டு வாங்கி வந்த டப்பாவின் சின்ன எழுத்தை வீட்டில் படித்தால் 30 சதவீதம் புரோப்பேன். இங்கே கோடையான ஜனவரி வெயிலில் அதை நிரப்பியதும் பர்னர் ஊளையிட்டது, சேஃப்டி வால்வு மூடவே இல்லை. சுத்தமான பியூட்டேன் கேட்டு, எழுத்தைப் படித்து வாங்குங்கள். நிரப்புவதை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பியூட்டேன் காற்றைவிடக் கனம், மேசைக்கடியில் தேங்கும். மூன்றாம் வருடம் நிரப்பு வால்வின் ரப்பர் வளையம் கசிந்தது. ஜெட், அதாவது கேஸ் வெளிவரும் நுண்துளை, அடைத்தால் ஊசியால் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கழற்றி, பின்பக்கமிருந்து கேஸாலேயே ஊதி எடுக்கலாம்.

நிலக்கரியைக் கொஞ்ச நாள் நண்பர் ஒருவருடைய பெரிய இன்ஜினில் ஓட்டிப் பார்த்தேன். அற்புதமான வாசனை, அரை நாள் சாம்பல் வேலை. எனக்கு நேரமில்லை.

எது சுத்தம்? மின்சார மாடல்தான் சுத்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். இந்த நாட்டு மின்சாரத்தில் சுமார் 80 சதவீதம் நிலக்கரியிலிருந்து வருகிறது. பிளக்கில் செருகிய ரயிலும் கரி ரயில்தான், புகை மட்டும் வேறு ஊரில். என் கேஸ் டேங்க் ஒரு நிரப்புக்கு சுமார் 70 கிராம் கரியமில வாயு விடும். ஸ்பிரிட் ஒரு ஓட்டத்துக்கு 45 கிராம் அளவு. அதிலுள்ள கார்பன், கரும்பு வளரும்போது காற்றிலிருந்து இழுத்துக்கொண்டதுதான். டர்பன் பக்கம் மொலாசஸிலிருந்து, அதாவது சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரும்புப் பாகிலிருந்து, ஆல்கஹால் வடிக்கிறார்கள். கணக்கை முழுசாகப் பார்த்தால் உரமும் டிராக்டர் டீசலும் சேரும். குளிர்காலத்தில் அறுவடைக்கு முன் கரும்புக் காட்டைக் கொளுத்துகிறார்களே, அந்தக் கருஞ்சாம்பலும் சேரும். ஜூலையில் அது என் தண்டவாளத்தின் மேலேயே கீற்றுக் கீற்றாக விழுகிறது. காலையில் துணியால் துடைக்காமல் இன்ஜினை ஏற்றினால் சக்கரம் வழுக்கும். கொளுத்தாமல் பச்சையாக வெட்டிய கரும்பிலிருந்து வடித்த ஸ்பிரிட் என்று ஒரு பாட்டிலில் எழுதியிருந்தால், இரட்டை விலை கொடுத்தும் வாங்குவேன்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் சுருக்கென்று பட்டது. கண்காட்சிக்குக் காரில் போய்வர ஐந்து லிட்டர் பெட்ரோல், அதாவது 11 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. என் இன்ஜின் நூற்றைம்பது தடவை ஓடினாலும் அவ்வளவு ஆகாது. இப்போது மூன்று குடும்பம் ஒரே வேனில் போகிறோம்.

பெரிய இன்ஜின்களிலும் எரிக்கிற விதத்தை மாற்றினால் புகை குறையும். கரும்புகை என்பது எரியாமல் வீணாகிற கரி. டேவிட் வார்டேல் என்ற பொறியாளர் 1981-ல் கேப்டவுன் சால்ட் ரிவர் பணிமனையில் 25என்சி என்ற வகை நீராவி இன்ஜின் ஒன்றை மாற்றிக் கட்டினார். 'ரெட் டெவில்' என்று பெயர். கரித்தணலுக்கு அடியில் குறைந்த காற்றும் நீராவியும், மேலே மீதிக் காற்று என்று பிரித்து விட்டதும் சரக்கு வண்டி இழுக்கையில் 28 சதவீதம் கரி மிச்சம். எங்கள் பொன்மலையில் ஊட்டி மலை ரயிலுக்குக் கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும் புது இன்ஜின்களே கட்டினார்கள். 2021-ல் இங்கிலாந்தின் ப்யூர் வேலி குட்டி ரயிலில் தாவரப் பொருள் கலந்த கரியைச் சோதித்தார்கள். நீராவியை விட்டுக்கொடுக்காமல் நெருப்பை மாற்றலாம் என்று இவர்கள் காட்டியிருக்கிறார்கள். கண்காட்சியில் போலிக் கரும்புகை விட்டுக் கைதட்டு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்புக் கதவைத் திறந்து சுடரின் நிறத்தைக் காட்டுங்கள். நீலமாக இருந்தால் ஏன், மஞ்சளானால் ஏன் என்று சொல்லுங்கள். குழந்தைகள் அதை வாய் பிளந்து கேட்கிறார்கள்.

கண்காட்சி மேசையில் நான் வைக்கும் அட்டையில் இரண்டு தேதிகள். 1860 ஜூன் 26, டர்பனில் முதல் ரயில். 1860 நவம்பர் 16, மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்காக நம் ஆட்கள் முதன்முதலில் வந்து இறங்கிய நாள். தமிழ் பேசத் தெரியாத பேரப்பிள்ளைகள்கூட அந்த அட்டை முன் நிற்கிறார்கள். 2023-ல் ஒரு நாள் கரண்ட் போய் மண்டபம் முழுக்க ரயில்கள் நின்றுவிட்டன. நண்பர்கள் வருடக் கணக்கில் கட்டியவை அப்படி நின்றதில் எனக்கு வருத்தம்தான். என் இன்ஜினை அவர்கள் வண்டிகளையும் சேர்த்து இழுக்கவிட்டிருப்பேன், தண்டவாளம் பொருந்தவில்லை.

வீட்டில் திரும்பவும் ஸ்பிரிட்டுக்கே வந்துவிட்டேன், மண்டபத்துக்கு மட்டும் கேஸ். காரணம் கணக்கு மட்டுமில்லை. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எண்பது தாண்டியாச்சு. அவர் அப்பா கரும்பு வெட்டியவர். ஒரு சனிக்கிழமை வேலி ஓரம் வந்து நின்றவர், பர்னர் பற்றியதும் மூக்கை உறிஞ்சி, "தம்பி, மில்லு வாசனை அடிக்குதே" என்றார். என்ன ஊற்றுகிறேன் என்று சொன்னேன். "அப்ப இது நம்ம கரும்புதான்" என்று நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து வால்வு திறந்து முதல் நீராவி வரும்வரை அவர் அந்த நாற்காலியை விட்டு எழுவதில்லை.

வாங்க நினைக்கிறவர்கள் பழைய இன்ஜினாக இருந்தால் பாய்லரை முதலில் தண்ணீர் அழுத்தத்தில், வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கில் சோதிக்கச் சொல்லுங்கள். சோதிக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு லூப்ரிகேட்டரை, அதாவது சிலிண்டருக்கு எண்ணெய் கொடுக்கும் டப்பாவைத் திறந்து, அடியில் தங்கிய தண்ணீரை இறக்கிவிட்டு, கெட்டியான ஸ்டீம் ஆயிலை நிரப்புங்கள். மோட்டார் எண்ணெய் ஊற்றாதீர்கள். ஒன்பது வருடத்தில் என் சிலிண்டரை ஒரு தடவைகூடத் திறக்க வேண்டி வரவில்லை.