கிளைக்கடைகளை வி.பி.என் மூலம் இணைக்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு மருந்து மொத்த விற்பனைக் கடை. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், சிதம்பரம் ஆகிய ஊர்களில் கிளைகள். பில் போடும் மென்பொருள் மஞ்சக்குப்பம் சர்வரில் இருக்கிறது. கிளைகளை அதனுடன் வி.பி.என் (இணையத்தின் வழியே போடும் பூட்டிய தனிப் பாதை) மூலம் இணைக்கப் புதுச்சேரியிலிருந்து ஒருவரை அழைத்தோம். நான்கு ரவுட்டர், நான்கு இடத்துக்கும் மாறாத ஐ.பி. முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) என்று ரசீதில் எழுதி 68,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

எட்டாம் நாள் பண்ருட்டியில் மின்சாரம் போய் வந்தது. இணைப்பு திரும்பவில்லை. அவர் வந்தார், கால் மணி நேரம் ஏதோ தட்டினார், 1,500 ரூபாய் வாங்கினார். "லைன் கோளாறு சார், இணைய நிறுவனத்தைக் கேளுங்கள்" என்றார். நான்கு மாதத்தில் இப்படிப் பதினொரு முறை. சரக்கு எடுக்க வந்த மெடிக்கல் கடைக்காரர்களைச் சிதம்பரத்தில் மணிக்கணக்கில் நிற்க வைத்தோம்.

கடைசியில் என் அக்காள் மகன் வந்து பார்த்தான். ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைத் தட்டினான். திறந்துகொண்டது! அதைக்கூட மாற்றாமல் விட்டிருக்கிறார்.

மாறாத முகவரி மஞ்சக்குப்பத்துக்கு மட்டுமே வாங்கப்பட்டிருந்தது. கிளைகளுக்கு அன்றைக்கு என்ன எண் கிடைத்திருந்ததோ அதையே தலைமைக் கடை ரவுட்டரில் எழுதி வைத்திருந்தார். கிளை ரவுட்டர் அணைந்து எழுந்ததும் எண் மாறிவிடும். இங்கே பழைய எண்ணே நிற்கும். 1,500 ரூபாய்க்கு அவர் செய்ததெல்லாம் புதிய எண்ணைத் தட்டியதுதான். மூன்று கிளைக்கும் ஒரே ரகசியச் சாவி (வி.பி.என் இணைப்புக்கான கடவுச்சொல்), அதுவும் எங்கள் கடைப் பெயர்.

நெல்லிக்குப்பத்தில் ரவுட்டர் காட்டிய எண் 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது என்று பொருள். வெளியிலிருந்து அந்தக் கிளையை அழைக்கவே முடியாது. அதற்கு அவர் கண்ட வழி, சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியின் போர்ட்டான (இணைய வாசல் எண்) 3389ஐ உலகுக்கே திறந்துவிட்டது. தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் நுழையும் வாசல் அது. அதைக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை.

இத்தனைக்கும் கிளைகளுக்கு மாறாத முகவரி தேவையே இல்லை. ஊர் ஊராகப் போகும் மகன்தான் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். அதுபோல, முகவரி மாறும் கிளைதான் தலைமைக் கடையை அழைக்க வேண்டும். வி.பி.என்னின் இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் முறையான ஐ.கே.இ. இரண்டாம் பதிப்பில், அக்காள் மகன் ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பெயர், தனிச் சாவி கொடுத்து, கிளையை எண்ணால் அல்லாமல் பெயரால் அடையாளம் காணும்படி மாற்றினான். மறுமுனை செத்துவிட்டதா என்று சோதித்து மீண்டும் அழைக்கும் வசதியையும் இயக்கினான். தலைமைக் கடையில் வி.பி.என்னுக்குத் தேவையான யு.டி.பி. 500, 4500 போர்ட்டுகள் தவிர மற்ற போர்ட்டுகளை மூடினான். அரை நாள் வேலை.

யாரிடம் கொடுத்தாலும், இணைய நிறுவனத்தின் பில்லில் மாறாத முகவரிக்குக் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொற்களை எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், அவர் கண்முன்னே கிளை ரவுட்டரை அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி போட்டு, எண் மாறியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, யாரும் எதையும் தொடாமல் ஒரு பில் வருகிறதா என்று பாருங்கள்.