தலைக்கு எவ்வளவு? இலங்கையும் மாலைதீவும்

2024-இல் இரு நாடுகளுக்கும் வந்த உல்லாசப் பயணிகளின் தொகை ஏறத்தாழ ஒன்றே: 20 இலட்சத்துக்குச் சற்று மேல். வருமானம் சேரும் விதம் மட்டும் அடியோடு வேறு.

முதலில் இலங்கை. 2018-இல் 23.3 இலட்சம் பேர் வந்து 438 கோடி டொலர் கிடைத்தது. 2024-இல் 20.5 இலட்சம் பேர், 317 கோடி. வருகை 12 வீதம் குறைய, வருமானம் 28 வீதம் விழுந்திருக்கிறது. தலைக்கு 1,877 டொலராக இருந்தது 1,540 அளவுக்கு இறங்கிவிட்டது. விமான நிலையத்தில் மாலை போட்டு வரவேற்கும் தலைக்கணக்கில் இந்தச் சரிவு தெரியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கையின் தொகை வங்கியில் எண்ணிய பணமல்ல, ஒரு பெருக்கல். வருகை, சராசரி தங்கல், நாளொன்றுக்கான செலவு ஆகிய மூன்றையும் பெருக்குகிறார்கள். 2018-இல் தங்கல் 10.8 இரவு, செலவு 173.8 டொலர், பெருக்கிப் பாருங்கள், அதே 438 கோடி வரும். ஆட்டோவுக்கும் வாடகை வானுக்கும் சிறு விடுதிக்கும் காசாகவே கொடுப்பதால் வேறு வழியும் இல்லை. ஆனால் செலவு பற்றிய கணக்கெடுப்பு பழையதானால் மொத்தமும் பிசகும்.

மாலைதீவில் பெரும்பாலும் ஒரு தீவு, ஒரு விடுதி. அறை, சாப்பாடு, படகு, கடல் விமானம் எல்லாம் ஒரே பில்லில் அடங்கும். 2019-இல் 17 இலட்சம் பேர், சராசரி 6 இரவுக்குச் சற்று மேல், வருமானம் 300 கோடிக்கு மேல். ஓர் இரவுக்கு ஏறத்தாழ 280 டொலர். அதே ஆண்டு இலங்கையில் 181.

ஆனால் அந்த 280-உம் அங்கேயே நிற்பதில்லை. மீனைத் தவிர உணவில் பெரும்பகுதி இறக்குமதி. ஊழியர்களில் பலர் வெளிநாட்டினர். அதனால்தான் அரசு வரியில் பிடிக்கிறது: சுற்றுலாப் பொருள் சேவை வரி 2023-இல் 16 வீதம், 2025 ஜூலையில் 17. பெரிய விடுதிகளில் பசுமை வரி தலைக்கு, இரவுக்கு 6 டொலரிலிருந்து 2025-இல் 12 ஆனது. அறை வாடகையை விடுதி எவ்வளவு குறைத்தாலும் இந்த 12 டொலர் குறையாது.

இலங்கை தங்கலை ஓர் இரவு நீட்டினால், நாளுக்கு 150 டொலர் என்று குறைத்துப் போட்டாலும் 20.5 இலட்சம் பேருக்கு 30 கோடி டொலர் கூடும். அதையே வருகையால் ஈட்ட இன்னும் 2 இலட்சம் பேர் வந்திறங்க வேண்டும்.